காபிப் பழத்தில் ஊசித்துளை: கடைசிப் பழம் வரை எடுத்தால்தான் வண்டு ஒழியும்

கேள்வி: ‘‘குமுளி மலையில் ஒன்றரை ஏக்கரில் ரோபஸ்டா காபியும் மிளகும் இருக்கின்றன. இந்த வருடம் காபிப் பழத்தின் நுனியில் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை. உடைத்தால் கறுப்பாகப் பொடி வண்டு. வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் கிடைக்காமல் பழம் எடுக்காமலே விட்டுவிட்டார்கள். வெளிநாட்டில் பைன் காட்டையே இப்படி ஒரு வண்டு அழித்ததாக போனில் வீடியோ பார்த்தோம். அப்பா கடுமையான மருந்தாக அடிக்கச் சொல்கிறார். மகன் காபியைப் பிடுங்கிவிட்டு ஏலம் வைக்கலாம் என்கிறான். என்ன செய்வது?’’

- ஒரு வாசகர், லோயர் கேம்ப்.

பதில்: காபியைப் பிடுங்கவும் வேண்டாம், கண்ட மருந்தையும் அடிக்க வேண்டாம். இது காபி காய்த்துளைப்பான். தோட்டக்காரர்கள் ‘பெர்ரி போரர்’ என்பார்கள். கட்டுப்படுத்தக்கூடிய பூச்சிதான். ஆனால், மருந்துக் கடையைவிட, பழம் எடுக்கும் கையைத்தான் அதிகம் நம்ப வேண்டும்.

வீடியோவில் பார்த்த பைன் வண்டுக்கும் இதற்கும் உறவு உண்டு. இரண்டும் பட்டை வண்டுகள் என்ற ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1990களில் தொடங்கிய பைன் வண்டுத் தாக்குதல் சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதித்தது. இது தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிடப் பெரிது. நல்ல திடமான பைன் மரம் பிசினை வடித்து வண்டை வெளியே தள்ளிவிடும். வறட்சியில் வாடிய மரத்தால் அது முடியாது. முதலில் நுழையும் வண்டு வாசனை விட்டு மற்ற வண்டுகளையும் அழைத்துக்கொள்ளும். கடுங்குளிரில் பட்டைக்குள் இருக்கும் புழுக்கள் சாக வேண்டும். குளிர் குறைந்துபோனதால் அவையும் பிழைத்துக்கொண்டன. அங்கே வனத்துறையினர் முக்கியமாகச் செய்வது, வண்டு பிடித்த மரத்தைக் குஞ்சு வெளியேறும் முன்பே வெட்டி அகற்றுவதுதான்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் சால் காடுகளைத் தண்டுத்துளைப்பான் தாக்கியது. அது வேறு குடும்பத்து வண்டு. மரத்துண்டுகளை வெட்டி, நசுக்கிப் போட்டு, சாறு குடிக்க வந்த வண்டுகளை ஊர் மக்களைக் கொண்டு பொறுக்கி எடுத்தார்கள். வண்டு வளரும் இடத்தை அகற்றுவது, பறக்கும் வண்டைப் பொறி வைத்துப் பிடிப்பது - இந்த இரண்டும்தான் காபிக்கும் வழி.

ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட காய்த்துளைப்பான், இந்தியாவில் முதன்முதலில் 1990-ம் ஆண்டு கூடலூரில் கண்டறியப்பட்டது. லோயர் கேம்ப்பை அடுத்துள்ள கூடலூர் அல்ல. நீலகிரி மாவட்டக் கூடலூர். அங்கிருந்து மற்ற காபிப் பகுதிகளுக்கும் பரவிவிட்டது.

பெண் வண்டு ஒன்றரை மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். காயின் நுனியில் உள்ள தொப்புள் பகுதியைத் துளைத்து உள்ளே போய், கொட்டையைக் குடைந்து முட்டையிடும். சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். ஆண் வண்டுக்குப் பறக்கத் தெரியாது. பழத்துக்குள்ளேயே இணைசேர்ந்து அங்கேயே வாழ்ந்து முடிந்துவிடும். கருவுற்ற பெண் வண்டுகள்தான் வெளியே வரும். அதாவது, வெளியே பறக்கும் ஒவ்வொரு வண்டும் ஒரு புதுக் குடும்பம்.

அறுவடை முடிந்த பிறகு இவை எங்கே இருக்கும்? செடியில் விட்டுப்போன கறுத்த பழத்திலும், தரையில் சிந்திய பழத்திலும்தான். அடுத்த காய் முற்றும்வரை மாதக்கணக்கில் அதற்குள்ளேயே காத்திருக்கும். ஒரு பழத்தில் 20 பெண் வண்டு என்று வைத்துக்கொண்டால், விட்டுப்போன 100 பழத்திலிருந்து 2,000 வண்டு கிளம்பும். ‘நாலு பழம்தானே’ என்று விடுவதுதான் அடுத்த வருட நஷ்டம்.

இப்போது செய்ய வேண்டியவை:

1. செடியில் ஒரு பழம்கூட மிச்சம் வைக்காமல் எடுக்க வேண்டும். பச்சை, பழுத்தது, கறுத்தது எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். பருவம் தப்பிப் பூத்த காய்களையும் உருவிவிட வேண்டும்.

2. பழம் எடுக்கும்போது செடிக்கு அடியில் படுதா விரித்தால் சிந்துவது குறையும். அப்படியும் சிந்தியதைப் பொறுக்கியே ஆக வேண்டும். மழை வந்து பழம் சருகுக்குள் மறைவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

3. துளை விழுந்த பழங்களைக் குப்பைக் குழியில் கொட்டக் கூடாது. கொதிக்கும் நீரில் சில நிமிடங்கள் முக்கி எடுத்தால் உள்ளே இருக்கும் வண்டும் புழுவும் செத்துவிடும். பிறகு காய வைக்கலாம்.

4. ரோபஸ்டா செர்ரியை 11 சதவிகித ஈரப்பதம் வரும்வரை காய வைக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த மூட்டைக்குள் வண்டு பெருகும். ஒரு தோட்டத்துச் சாக்கை அப்படியே இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டு போகக் கூடாது. ஜீப்பில் ஏறிவரும் பழைய சாக்கிலேயே வண்டும் ஏறிவரும்.

5. அறுவடை முடிந்ததும் ஏக்கருக்கு 10 வீதம் வண்டுப் பொறிகளைக் கட்டலாம். மெத்தனாலும் எத்தனாலும் கலந்த வாசனைக்கு வண்டு வந்து கீழே உள்ள தண்ணீரில் விழும். பூ மழை சமயத்தில் அதிகம் விழும். ஆனால், பழத்தைப் பொறுக்காமல் பொறியை மட்டும் கட்டினால் பலன் இருக்காது.

ஓர் எச்சரிக்கை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த அதே மெத்தனால்தான் இது. வீட்டில் கலக்க வேண்டாம். காபி வாரியத்தின் வழியாகக் கிடைக்கும் தயார்நிலைக் குப்பியை மட்டும் வாங்கி, பூட்டி வைக்க வேண்டும். வேலைக்கு வருபவர்களிடமும் ‘இது விஷம்’ என்று சொல்லிவிட வேண்டும்.

மருந்து விஷயத்தில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: வண்டு பழத்துக்குள் போய்விட்டால் எந்த மருந்தும் அதைத் தொடாது. முன்பு இதற்கு அடித்த எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றமே தடை செய்துவிட்டது. காய் முற்றும் பருவத்தில், வண்டு பாதி உடம்பு வெளியே தெரியத் துளைத்துக்கொண்டிருக்கும்போது, ‘பவேரியா பேசியானா’ என்ற வெண்பூஞ்சாணத்தை மாலையில் தெளிக்கலாம். காற்றில் ஈரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். அதோடு போர்டோ கலவையைச் சேர்க்கக் கூடாது. தாமிரம் பூஞ்சாணத்தைக் கொன்றுவிடும்.

மகன் சொல்லும் ஏலம் லாபமான பயிர்தான். ஆனால், அதற்கு அடர்ந்த நிழல், கோடையில் தண்ணீர், அடிக்கடி மருந்து என்று செலவு வேறு. ஒரு பூச்சிக்குப் பயந்து காய்த்துக்கொண்டிருக்கும் செடியைப் பிடுங்குவது சரியல்ல. முதலில் இரண்டு பருவம் கணக்கு எடுத்துப் பார்க்கலாம். 20 செடிகளில் செடிக்கு 50 காய் வீதம் 1,000 காய்களைப் பார்த்து, துளை உள்ளதை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். 50 இருந்தால் 5 சதவிகிதம். அடுத்த வருடம் அதே செடிகளில் எண்ணினால் உழைப்பின் பலன் தெரியும்.

பக்கத்துத் தோட்டம்தான் பெரிய சிக்கல். வண்டுக்கு வேலி தெரியாது. உரிமையாளரிடம் சண்டைக்குப் போவதைவிட, ‘பழத்தை நாங்கள் எடுக்கிறோம், கிடைப்பதில் பாதி உங்களுக்கு’ என்று பேசிப் பார்க்கலாம். பாதிப் பங்கு கூலிக்குக் கட்டாவிட்டாலும், அது சொந்தத் தோட்டத்துக்குச் செய்யும் செலவுதான். காபி வாரிய விரிவாக்க அலுவலரை அழைத்து, அக்கம்பக்கத்தார் எல்லோரையும் வைத்து ஒருமுறை பேசச் சொன்னால் வேலை இன்னும் சுலபம்.

கேள்வி: ‘‘ரோபஸ்டா செடியில் குச்சிகள் மட்டும் காய்ந்துபோகின்றன. குச்சியின் அடிப்பக்கம் ஊசித்துளை இருக்கிறது. பழத்தைத் துளைக்கும் அதே வண்டுதானா?’’

- ஒரு வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்.

பதில்: இல்லை, அதன் பங்காளி. இது குச்சித்துளைப்பான். மரத்தைத் தின்னாது. குச்சிக்குள் குடைந்து, அதில் ஒருவகைப் பூஞ்சாணத்தை வளர்த்து, அதைத்தான் குஞ்சுகளுக்கு ஊட்டும். மழைக்காலம் முடிந்ததும் தாக்குதல் அதிகம். துளைக்குக் கீழே மூன்று விரல் அளவு பச்சைக் குச்சியையும் சேர்த்து வெட்டி, அன்றே எரித்துவிட வேண்டும். வெட்டிய குச்சியைச் செடி அடியில் போட்டால் வெட்டிய பலன் இல்லை. வேண்டாத போத்துகளை நீக்கி, அதிக நிழலைக் கவாத்து செய்து, தண்ணீர் தேங்காமல் வடித்துவிட்டால் அடுத்த பருவத்தில் குறைந்துவிடும்.