சொன்னது நம்ம ஆளா? அவங்க ஆளா?

"எல்லா மதமும் நம்ம மதம்தான்" என்று ஒரு தலைவர் பேசினால், பேச்சை யாரும் எடை போடுவதில்லை. பேசியவர் எந்தக் கட்சி என்றுதான் பார்க்கிறார்கள்!

அமெரிக்காவில் நடந்த கதை இது.

2001 செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க் இரட்டைக் கோபுரம் தகர்க்கப்பட்டது. நாடெங்கும் ஆத்திரம். அரிசோனாவில் பெட்ரோல் பங்க் நடத்திய சீக்கியர் ஒருவரை அரபுக்காரர் என்று நினைத்துச் சுட்டே கொன்றுவிட்டான் ஒருவன். பாவம், தலைப்பாகைதான் அவர் செய்த குற்றம்!

17-ந் தேதி ஜனாதிபதி புஷ் வாஷிங்டன் பள்ளிவாசலுக்குப் போனார். இஸ்லாம் அமைதி மார்க்கம் என்று பேசினார். சில பாதிரியார்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அவருடைய குடியரசுக் கட்சி பெரிதாக வாய் திறக்கவில்லை.

2016 பிப்ரவரி 3-ந் தேதி. ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ஒபாமா பால்டிமோர் பள்ளிவாசலுக்குப் போனார். ஒரு மதத்தைத் தாக்கினால் எல்லா மதத்தையும் தாக்கியது போல என்றார்.

விட்டார்களா? "ஜனங்களைப் பிரிக்கிறார்" என்றார் குடியரசுக் கட்சியின் ரூபியோ. 'அங்கேதான் அவருக்குச் சவுகரியமோ, என்னவோ' என்கிற மாதிரி குத்திக் காட்டினார் டிரம்ப். இத்தனைக்கும் ஒபாமா கிறிஸ்தவர். 2010-ல் பியூ நிறுவனம் கணக்கெடுத்தபோது 100-க்கு 18 பேர் அவரை முஸ்லிம் என்றே சொன்னார்கள்!

புஷ் பேசியது நாடே துக்கத்தில் இருந்த நேரம், ஒபாமா பேசியது தேர்தல் நேரம் என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் தேர்தல் வந்தா நியாயம் மாறிடுமா?

எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. ஈராக் போருக்காகப் புஷ்ஷை வறுத்தெடுத்த கட்சிதான் அது. அந்தக் கட்சியின் ஹிலாரி கிளிண்டன் 2015 தேர்தல் விவாத மேடையில் புஷ்ஷின் பள்ளிவாசல் பேச்சைப் பாராட்டினார். அப்போது புஷ் நாற்காலியை விட்டு இறங்கி 6 வருஷம் ஆகியிருந்தது. இனி அவரைப் புகழ்ந்தால் ஓட்டு நஷ்டம் இல்லையே!

அடி வாங்குபவன் நிலைமை வேறு. முஸ்லிம்கள் மீதான வெறுப்புக் குற்றங்கள் என்று எப்.பி.ஐ. பதிவு செய்தவை 2000-ல் 28. 2001-ல் 481! கடையை மூடிவிட்டு ராத்திரி தனியாக வீடு திரும்புகிற மனுஷனுக்கு, தனக்காகப் பேசியவர் எந்தக் கட்சி என்பதா முக்கியம்? பத்திரமாக வீடு போய்ச் சேரணும், அவ்வளவுதான்.

தலைவர் கரை வேட்டி கட்டட்டும். நல்ல வார்த்தைக்கு எதுக்குய்யா கரை?