பரிவும் பொறுப்பும்

அமெரிக்க விலங்குக் காப்பகங்களுக்கு 2024-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த நாய்களும் பூனைகளும் சுமார் 58 லட்சம். அவற்றுள் ஏறத்தாழ 42 லட்சம் விலங்குகள் தத்தெடுக்கப்பட்டன. சுமார் 6 லட்சம் விலங்குகள் கருணைக்கொலை செய்யப்பட்டன. தத்தெடுக்க வருவோரில் பலர் நாடுவது, கூண்டின் கம்பியருகே ஓடிவந்து விளையாடும் குட்டியைத்தான். மூலையில் பதுங்கியிருக்கும், நாள்தோறும் மருந்து தேவைப்படும் வளர்ந்த பூனை எளிதில் அவர்களின் கண்ணில் படுவதில்லை.

இதனை இரக்கமின்மை என்று மட்டும் கருதிவிட முடியாது. விற்பவர் அறிந்த குறையை வாங்குபவர் அறிய இயலாதபோது சந்தை எவ்வாறு சீர்குலைகிறது என்பதைப் பழைய கார்களை முன்வைத்து 1970-இல் விளக்கியவர், பின்னர் 2001-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லோஃப். அதே கட்டுரையில் இந்தியாவின் கடன் சந்தையையும் அவர் எடுத்துக்காட்டாகக் கையாண்டார். காப்பகத்தின் நிலை இதனினும் கடினமானது. அஞ்சி ஒடுங்கும் பூனையின் இயல்பு காப்பகத்தாருக்கே முழுமையாகத் தெரியாது. நாய்களின் குரைப்பும் அந்நியர் நடமாட்டமும் நிறைந்த இடத்தில் நடுங்கிக் கிடக்கும் பூனை, அமைதியான வீட்டில் சில வாரங்களிலோ மாதங்களிலோ மடியில் வந்து அமரக்கூடும்.

நோய் குறித்த அச்சமும் இவ்வாறே தெளிவின்மையால் வளர்கிறது. பூனைகளின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் எஃப்.ஐ.வி. தீநுண்மி மனிதருக்குப் பரவாது. பூனைகளிடையேயும் அது பெரும்பாலும் ஆழமான கடிக்காயங்கள் வழியாகவே பரவுகிறது. பாதிக்கப்பட்ட பூனைகள் பல, பல்லாண்டுகள் நலமாக வாழ்கின்றன. பரிசோதனை முடிவை மட்டுமே காரணமாகக் கொண்டு அவற்றைக் கொல்லலாகாது என்று அமெரிக்கப் பூனை மருத்துவர்களின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நீரிழிவு வேறு வகையானது. பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் செலுத்த வேண்டும். வெளியூர்ப் பயணம்கூட அதற்கேற்ப அமைய வேண்டும். தக்க உணவாலும் சிகிச்சையாலும் சில பூனைகளுக்கு இன்சுலின் தேவையே நீங்குவதுண்டு எனினும், அதனை முன்கூட்டியே உறுதியளிக்க இயலாது. இவ்விரு பூனைகளின் கூண்டுகளிலும் ‘சிறப்புக் கவனிப்பு தேவை’ என்று ஒரே அட்டையைத் தொங்கவிட்டால், வருவோர் இரண்டையும் ஒதுக்கிவிடுவர்.

தத்தெடுப்புக் கட்டணத்தைக் குறைப்பது காப்பகங்கள் வழக்கமாகக் கையாளும் வழி. அதனால் வருவோர் கூடலாம். ஆனால், தயங்குபவரின் அச்சம் முதல்நாள் கட்டணம் பற்றியதன்று. எல்லை தெரியாத பிற்காலச் செலவு பற்றியது. ஆகவே, நோயின் பெயர், மாதச் செலவு, நாள்தோறும் தேவைப்படும் நேரம், மோசமடைந்தால் நேரக்கூடியது ஆகியவற்றை எழுத்தில் தருவது முதல் கடமை. சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தபின் முடிவெடுக்கும் வாய்ப்பு அடுத்தது. ஏற்கெனவே அறியப்பட்ட நோய்க்கான செலவில் ஒரு பகுதியைக் காப்பகமே தொடர்ந்து ஏற்பது மூன்றாவது.

மூன்றாவது யோசனை ஊதாரித்தனமாகத் தோன்றலாம். ஆனால், பூனை காப்பகத்திலேயே இருந்தாலும் அதன் மருந்துச் செலவைக் காப்பகம்தான் ஏற்க வேண்டும். அதற்கும் மேலாக, ஒரு பூனை ஓராண்டு தங்கும் கூண்டில், ஒரு மாதத்தில் வீடு சேரக்கூடிய பன்னிரண்டு பூனைகளுக்கு இடமளித்திருக்கலாம். கணக்கில் எழுதப்படாத இந்த இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், செலவைப் பகிர்வதே சிக்கனம்.

முழு விவரமும் அறிந்தபின், ‘என்னால் இயலாது’ என்று ஒருவர் விலகினால் அவரைக் குறை கூறலாகாது. குறையை மறைத்து ஒப்படைக்கப்படும் பூனை, சில மாதங்களில் அதே கூண்டுக்குத் திரும்ப நேரிடும். அப்போது அதன் நோயும் அச்சமும் முன்னினும் முற்றியிருக்கும். அந்த விலையைச் செலுத்துவது காப்பகமோ தத்தெடுத்தவரோ அல்ல, அந்தப் பூனைதான்.