பூட்டு பழசு, பணம் உங்களுடையது!

ஏ.டி.எம். எந்திரத்துக்குள் இருப்பது ஒரு கம்ப்யூட்டர்தான். இந்தியாவில் ஏராளமான ஏ.டி.எம்.களை நடத்தி வந்தது, 2001-ல் வெளிவந்த "விண்டோஸ் எக்ஸ்பி" என்ற இயக்க முறை.

அதில் ஓட்டை தெரியும்போதெல்லாம் மைக்ரோசாப்ட் கம்பெனி அடைத்துக் கொடுத்தது. 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு அந்த வேலை நின்றது. பிறகு ஓட்டை தெரிந்தால்? திருடனுக்குக் கொண்டாட்டம்!

அப்படியும் ஏன் மாற்றவில்லை? பணம்தான் வருகிறதே என்ற மெத்தனம். செலவும் உண்டு. புதிய முறையைப் பழைய கம்ப்யூட்டர் தாங்காது. பல இடங்களில் அதையும் மாற்ற வேண்டும்.

ரிசர்வ் பாங்கி 2017-ல் எச்சரித்தது. வேகம் போதவில்லை. 2018 ஜூனில் கெடு வைத்தது: செப்டம்பருக்குள் கால்வாசி, 2019 ஜூனுக்குள் எல்லாம்!

உடனே கூக்குரல். இப்படிச் செலவு மேல் செலவு வந்தால் பாதி எந்திரங்களை மூட நேரும் என்று 2018 நவம்பரில் ஏ.டி.எம். தொழில் சங்கம் சொன்னது. மானியப் பணம் எடுக்கும் ஏழைகள் தவிப்பார்கள் என்றது.

தவிப்பார்கள்தான். ஆனால், அந்தப் பூட்டு காப்பதும் அதே ஏழையின் பணத்தைத்தானே? நாலு வருஷம் காலம் கடத்திவிட்டு, கெடு வந்ததும் ஏழையை முன்னால் நிறுத்தியது சரியல்ல.