காகத்தின் நினைவு

காகத்தைக் கள்ளப் பறவை என்று கல்லெறிந்து விரட்டும் நாம் அதன் அறிவையும் சற்று அவதானிக்க வேண்டும். 2006இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜோன் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர், குறித்ததொரு முகமூடி அணிந்து ஏழு காகங்களைப் பிடித்து, காலில் வளையமிட்டு விட்டனர். பின்னர் அம்முகமூடியைக் கண்டபோதெல்லாம் காகங்கள் கூடிக் கரைந்து எதிர்த்தன. பிடிபடாத காகங்களும், பிறகு பிறந்த குஞ்சுகளும் அவற்றிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டன. வேறு முகமூடி அணிந்தவர்களையோ அவை பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை.

இடம்பெயர்ந்த நாமும் பட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால், தீங்கு செய்தவர் யாரோ அவரை மட்டுமே சுட்டுவோம். ஓர் இனத்தையோ அயலூரையோ முழுவதும் பகையாகக் காட்டலாகாது. காகம் காட்டும் நிதானம் நமக்கும் வேண்டாமா?