கிணறும் குழியும்

1658-ஆம் ஆண்டில், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டையை ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். உள்ளே இருந்த போர்த்துக்கேயர் அடிபணிய நேர்ந்தது குடிதண்ணீர் இல்லாமற் போனதனாலேயாம். நாற்புறமும் நீர் சூழ நின்று தாகத்தால் தோற்ற கோட்டை அது. தீவகத்தில் வீடு கட்ட முனைவோர் அடித்தளம் இடுமுன் அக்கோட்டையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

1990, 1991-ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து போன குடும்பங்களின் வளவுகளிலே, 2009-க்குப் பின்னர் புதிய வீடுகள் எழுந்து வருகின்றன. இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் உழைத்த பணம், வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் மாடியாக உயர்கின்றது. மகிழ்ச்சிக்குரிய காட்சிதான். ஆனால் அவ்வீடுகளின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், அறைக்கு ஒரு குளியலறை, மேலே பெரிய பிளாஸ்திக் தொட்டி, கீழே மோட்டர், பின்வளவில் ஒரு மலக்குழி என்று, குழாய்நீரும் கழிவுநீர் வாய்க்காலும் உள்ள பெருநகரத்து வீடொன்றை அப்படியே பெயர்த்து வைத்தது போலிருக்கின்றது. வாசலுக்கும் அடுப்படிக்கும் திசை பார்க்கும் நாம் மலக்குழிக்கு எதுவுமே பார்ப்பதில்லை. "ஐயா, குழியை எங்கை வெட்டுறது?" என்று மேசன் கேட்டால், "இடமிருக்கிற பக்கமாய் வெட்டு, தம்பி" என்பதே பெரும்பாலும் விடை.

தீவகத்து நிலத்தடியில் ஆறும் இல்லை, ஊற்றும் இல்லை. மாரியிலே பெய்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அங்கே ஏற்கெனவே நிறைந்திருக்கும் உவர்நீரின்மேல் வில்லை வடிவாக மிதந்து நிற்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது. உவர்நீர் பாரம் கூடியது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும். மேலே ஓரடி குறைந்தாலோ, நாளடைவில் கீழிருந்து உவர்நீர் நாற்பதடி ஏறிவரும். இவ்விதியை 1888–89-இல் கண்டு சொன்னவர் படோன் கீபன் என்னும் ஒல்லாந்தப் படைப் பொறியியலாளர். அவர் ஆராய்ந்தது ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அருகே தோண்டிய துளையொன்றை. ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க் 1901-இல் வடகடல் தீவுகளில் அதே உண்மையைத் தனியே கண்டெழுதினார். நமது காரைநகருக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரும் ஆம்ஸ்டர்டாம்தான் என்பதை எண்ணும்போது சிறிது சிரிப்பு வருகின்றது. பெயரை விட்டுச் சென்றார்கள். விதியை நாம் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. களைத்தவன் நிறுத்துவான், கிணறு ஊறும். மோட்டருக்குக் களைப்பில்லை. ஆயிரம் லீற்றர் தொட்டியை அது அரைமணி நேரத்தில் நிரப்பிவிடும். அந்த அரைமணியில் நீர்மட்டம் கிணற்றடியில் குழிந்து, கீழுள்ள உவர் கூம்பாக எழும்புகின்றது. தண்ணீர் கைத்துவிட்டதென்று கண்டவுடன் இன்னும் ஆழமாகத் தோண்டுவோரும், குழாய்க்கிணறு துளைப்போரும் உளர். மேட்டு நிலத்தார்க்குப் பொருந்தும் மருந்து இது; தீவாருக்கு நஞ்சு. இங்கே ஆழத்தில் இருப்பது கடலே.

துலாக் காலத்தைப் பொற்காலம் என்று போற்ற நான் வரவில்லை. பிறருடைய கிணற்றில் கைவைக்க உரிமையின்றி, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்ற மக்களின் துயரை அறிய விரும்புவோர் கே. டானியலின் 'தண்ணீர்' நாவலைப் படித்தாற் போதும். வீட்டுக்குள் குழாய் வந்தது விடுதலை என்பதில் ஐயமில்லை. அந்தக் குழாயில் எது வருகின்றது என்பதே கேள்வி.

குழிக்கு வருவோம். மணல் நிலத்திலே கழிவுநீர் மெல்ல வடிந்து ஓரளவு தூய்மை பெறும். சுண்ணாம்புக் கல்லிலோ ஒரு வெடிப்புப் போதும். வடிகட்டுவாரின்றி நேரே கிணற்றுநீரோடு கலந்துவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பதடி இருந்தாற் போதுமென்னும் கணக்கு இந்தக் கல்லுக்குச் செல்லாது. யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1988-இலேயே ஆய்வாளர் எழுதிவைத்தனர். தோட்டங்களுக்கு இடும் உரத்தோடு மலக்குழிகளுக்கும் அதிலே பங்குண்டு. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் முதலிற் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை.

நமது காணி உறுதிகளிலே கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று முன்னோர் கவனமாக எழுதிவைத்தனர். நிலத்தைப் பிரித்தாலும் நீரைப் பிரிக்க முடியாதென்று அவர்கள் அறிந்திருந்தனர். குழியைப் பற்றி எந்த உறுதியும் பேசவில்லை. அன்று பனங்கூடல் இருந்தது, பேசவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இன்று எனது வேலிக்குள் நான் வெட்டும் குழி அயலவரின் கிணற்றுக்குள் திறக்கின்றது.

ஆகவே, தீவகத்து வீட்டின் குழாய் வேலை குளியலறையிலே தொடங்கலாகாது, கூரையிலே தொடங்கவேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,300 லீற்றர். ஆண்டுக்கு முப்பது அங்குலமே பெய்ததென்று குறைத்துக் கணக்கிட்டு, ஐந்திலொரு பங்கு வீணாயிற்றென்று கழித்தாலும் 55,000 லீற்றர் மிஞ்சும். நால்வர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லீற்றர் என்றால், தை தொடக்கம் புரட்டாதி வரையான ஒன்பது மாதத்துக்கு 10,800 லீற்றர் போதும். மூடிய சீமெந்துத் தொட்டியொன்று இதைத் தாங்கும். இரண்டாம் மாடிக்குச் செலவிடுவோர்க்கு இது பெருஞ்செலவன்று.

அதே நால்வர், ஒன்பது லீற்றர் கொட்டும் மலசலகூடத் தொட்டியை நாளுக்கு ஐந்து முறை இழுத்தால் 180 லீற்றர் போய்விடும். குடிப்பதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். வாளியால் ஊற்றும் பழைய முறைக்கு இரண்டு மூன்று லீற்றரே போதும். குளித்த நீரைக் குழிக்குள் விடாமல் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சிய கிணற்றடி வழக்கத்தைப் புதிய வீட்டிலும் ஒரு தனிக் குழாயினால் காப்பாற்றலாம். மலத்தொட்டியின் அடியும் சுவரும் நீர் கசியாதவாறு பூசப்படவேண்டும். அதிலிருந்து வழியும் நீரை நிலத்துக்கு மேல் உயர்த்திய மணற்படுக்கையில் விட்டு, செடிகள் உறிஞ்சச் செய்யவேண்டும்.

தாளையடியில் 2024-இல் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டுள்ளதே, நாளுக்கு 24,000 கனமீற்றர் நீர் தருமாமே, இனிக் கிணறு எதற்கு என்று கேட்பார் உண்டு. குழாய்நீர் எல்லார்க்கும் வரட்டும். வந்தால் வீட்டில் புழங்கும் நீர் பெருகும். பெருகிய நீர் அத்தனையும் அதே குழிவழியே அதே கல்லுக்குள் இறங்கும். வருகின்ற குழாய்க்குத் திட்டம் இருக்கின்றது. போகின்ற குழாய்க்கு இல்லை. புங்குடுதீவு வரை தாம்போதி வழியே பவுசர் வந்து தொட்டியைத் துப்புரவாக்கலாம். குறிகட்டுவானில் படகேறிச் செல்லவேண்டிய நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அது எப்படி வரும்? ஆனித் திருவிழாவில் நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கப் பல்லாயிரம் அடியார் வந்திறங்கும் நயினாதீவில் இக்கேள்வி இன்னும் பெரிது. மணிமேகலை அமுதசுரபி பெற்ற கோமுகிப் பொய்கை இருந்த மணிபல்லவம் நயினாதீவே என்று வாதிட நம்முள் அறிஞர் பலர் உளர். அத்தீவின் இன்றைய கிணறுகளைப் பற்றியும் அவர்களிற் சிலர் எழுதினால் நன்று.

வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச சபைகள் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. வீட்டு வரைபடத்துக்கு அனுமதி அளிக்குமுன், அதிலே குழியின் இடத்தையும், அவ்வளவில் உள்ள கிணற்றை மட்டுமன்றி நாற்புறத்து அயல் வளவுக் கிணறுகளையும் குறித்துக் காட்டும்படி கேட்கட்டும். அயலவர் அந்த வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னர் மேசன் மண்வெட்டியை எடுக்கட்டும்.