சுவரில் ஒரு விமானம்

மனிதர்கள் எதைத்தான் சேர்த்து வைப்பதில்லை? தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய காசு சேர்ப்பவர்கள் உண்டு. சேலத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவர் சேர்ப்பது யுத்த விமானங்களின் சித்திரங்கள். நம் பாட்டனார் காலத்தில், ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சுக்கூடத்து லக்ஷ்மியும் ஸரஸ்வதியும் வீட்டுக் கூடங்களை அலங்கரித்தார்கள் அல்லவா? நண்பர் வீட்டுக் கூடத்தில் அந்த இடத்தில் விமானங்கள் பறந்துகொண்டிருக்கின்றன.

இந்தச் சித்திரங்களுக்குத் தனிச் சம்பிரதாயம் ஒன்று உண்டு. ஓவியர் வரைந்த மூலப்படத்திலிருந்து இத்தனை பிரதிகள்தான் என்று முதலிலேயே வரையறுத்து அச்சிடுவார்கள். படத்தின் கீழ் ஓரத்தில் பென்ஸிலால் 87/500 என்று எழுதியிருந்தால், 500 பிரதிகளில் இது 87-ஆவது என்று பொருள். பக்கத்தில் ஓவியரின் கையெழுத்து இருக்கும். சில படங்களில் அந்த யுத்தத்தில் பறந்த விமானிகளும் கையெழுத்திட்டிருப்பார்கள். விலை ஏறுவது பெரும்பாலும் அந்தக் கையெழுத்துக்களால்தான். 1944-இல் இம்பாலில் நமது விமானப்படையின் முதல் படைப்பிரிவை நடத்திய அர்ஜன் சிங் 2017-இல் காலமானார். இனி அவர் கையெழுத்துப் புதிதாக ஒரு படத்திலும் விழப் போவதில்லை அல்லவா?

முதல் எண் உள்ள பிரதிதான் உயர்ந்தது என்று சிலர் போட்டி போடுகிறார்கள். செப்புத் தகட்டிலிருந்து அச்சிட்ட காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. அச்சிட அச்சிடத் தகடு தேய்ந்து, கடைசிப் பிரதிகள் மங்கிப் போகும். இக்காலத்து அச்சில் முதற் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் கண்ணுக்குத் தெரியும் பேதம் கிடையாது. எனவே எண்ணுக்காக அதிகப் பணம் கொடுப்பது வீண் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் எண்ணே இல்லாமற் போனால்? நண்பருக்கு அந்த அனுபவமும் நேர்ந்தது. கண்ணாடிச் சட்டம் போடும் கடையொன்றில் ஒரு படத்தைக் கொடுத்தார். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் கீழ் ஓரத்தை அழகாக வெட்டி எறிந்துவிட்டார். எண், கையெழுத்து எல்லாம் குப்பைக் கூடைக்குப் போயின. "வெறும் வெள்ளைக் காகிதந்தானே, ஸார்! பென்ஸிலால் ஏதோ கிறுக்கியிருந்தது" என்றாராம்.

அதுமுதல் நண்பர் பக்கத்தில் நின்றே சட்டம் போடச் செய்கிறார். படத்தின் பின்னால் மட்டமான அட்டை வைத்தால் அதிலுள்ள அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் மழைக்காலத்தில் ஈரம் ஒட்டும். சேலத்து வெயில் நேரே விழும் சுவரில் மாட்டினால் சில வருஷங்களில் நீல ஆகாயம் வெளுத்துப் போகும்.

சென்ற மாதம் அவருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு படம் வந்தது. 1940-ஆம் வருஷம் டன்கர்க் கடற்கரைக்கு மேலே பறந்த 'டிஃபயண்ட்' விமானங்கள். விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டு. அதில் 4 யந்திரத் துப்பாக்கிகள். முன்னோக்கிச் சுட ஒன்றும் கிடையாது. மே 29-ஆம் தேதி ஒரே நாளில் 30-க்கு மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக இந்தப் படைப்பிரிவினர் சொன்னார்கள். அந்தக் கணக்கு மிகையானது என்று பிற்பாடு தெரிந்தது. சில மாதங்களுக்குள் எதிரி முன்னாலிருந்தும் கீழிருந்தும் தாக்கக் கற்றுக்கொண்டான். ஆகஸ்டில் பல இளைஞர்கள் மாண்டார்கள். பிறகு அவ்விமானங்களை இரவுக் காவலுக்கு மாற்றிவிட்டார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். அந்த 264-ஆவது படைப்பிரிவின் பெயர் 'சென்னை ராஜதானி'! 79-ஆவது, 234-ஆவது படைப்பிரிவுகளுக்கும் அதே பெயர்தான். நம் ராஜதானியிலிருந்து சென்ற யுத்த நன்கொடைக்குப் பிரதியாகக் கிடைத்த பெயர் அது. நண்பருக்குப் பெருமை தாங்கவில்லை. "நம் ஊர்ப் பணத்தில் பறந்த விமானம்!" என்று கூடத்தின் நடுவில் மாட்ட ஆணி அடிக்கப் போனார்.

அப்போது உள்ளேயிருந்து அவருடைய அத்தை வந்தார். வயது தொண்ணூறு.

"ஏண்டா, யார் பணம் என்றாய்? அப்பா ஜெயிலுக்குப் போனபோது எனக்கு ஐந்து வயசு. எதற்காகப் போனார் தெரியுமா? இந்த யுத்தத்துக்குக் காலணா கொடுக்காதீர்கள் என்று தெருவில் நின்று சொன்னதற்காக. நீ அந்தக் காலணாவைக் கண்ணாடி போட்டு மாட்டுகிறாயே!"

நண்பர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

அத்தை சொன்னது சரித்திரம். இந்தியாவைக் கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்து, சேலத்தில் வக்கீலாயிருந்து சென்னையின் பிரதமரான ராஜாஜி, 1939 அக்டோபர் மாதக் கடைசியில் மந்திரிசபையுடன் ராஜீநாமா செய்தார். அதே மாதம் 30-ஆம் தேதிதான் இங்கிலாந்தில் அந்த 264-ஆவது படைப்பிரிவை மறுபடி அமைத்தார்கள். மறு வருஷம் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ராஜாஜியும் சிறை புகுந்தார். ராஜதானியின் பெயர் ஆகாயத்தில் பறந்தது. ராஜதானியை ஆண்டவர் சிறையில் இருந்தார்.

நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையை இங்கே நினைத்துக்கொண்டேன். கவிஞராகப் புகழ் பெறுமுன் அவர் ஓவியர். தில்லி தர்பார் சமயத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வைத்து வரைந்த சித்திரத்துக்குத் தங்கப் பதக்கம் பெற்றவர். அதே மனிதர் 1932-இல் உப்புச் சத்தியாக்கிரகப் பாட்டுக்குரியவராகச் சிறையில் இருந்தார். அந்தச் சித்திரத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்தச் சிறைவாசம் தெரியுமா?

"படத்தைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா, அத்தை?" என்று நண்பர் கேட்டார்.

அத்தை சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிற பிள்ளை செத்ததும் நிஜம். அப்பா ஜெயிலுக்குப் போனதும் நிஜம். மாட்டு. ஆனால் இரண்டையும் எழுதி வை. நாளைக்கு உன் பேரன் பார்த்துவிட்டு, நாமெல்லோரும் மனமுவந்து கொடுத்தோம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது" என்றார்.

நண்பர் அன்றிரவே எழுதினார். மறுநாள் காலையில் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னார். "சத்தியாக்கிரகம்" என்பதில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது, சேர்த்துக் கொடுத்தேன். தாளைப் படத்தின்மேல் ஒட்டிவிடாதீர்கள், பின்பலகையில் ஒட்டுங்கள் என்றும் எச்சரித்தேன். பசை படக்கூடாதல்லவா?