தொகையும் அதனுள் மறைந்தவையும்

ஐரோப்பாவின் பசுமை ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ‘ஒரு லட்சம் கோடி யூரோ’ என்ற தொகையைச் சொல்லி வியப்போர் உளர். தமிழ் இலக்கணத்தில் தொகை என்பது உருபு மறைந்து நிற்கும் தொடர். விரித்தாலன்றி அதன் பொருள் தெளியாது. அவர்கள் வியக்கும் இத்தொகையையும் நாம் விரித்தே பார்க்க வேண்டும்.

2050க்குள் கரிமச் சமநிலையை எட்டும் முதல் கண்டமாக ஐரோப்பா திகழும் என்று 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லையன் அறிவித்தார். அடுத்த மாதமே முதலீட்டுத் திட்டம் வெளியாயிற்று. பத்தாண்டுகளில் குறைந்தது ஒரு லட்சம் கோடி யூரோ ‘திரட்டப்படும்’ என்பதே அதன் வாசகம். திரட்டுதல் வேறு, அளித்தல் வேறு. அத்தொகையில் ஒன்றியத்தின் வரவு செலவுக் கணக்கிலிருந்து வருவது ஏறத்தாழப் பாதிதான். எஞ்சியதில் ஒரு பகுதி உறுப்பு நாடுகளின் இணைப்பங்கு. பெரும்பகுதியோ, பொது உத்தரவாதத்தை நம்பித் தனியார் முன்வந்து போடுவார்கள் என எதிர்பார்க்கப்படும் முதலீடு.

சரி, அந்தப் பாதியேனும் பசுமைக்கே போகிறதா? 2014 முதல் 2020 வரை பருவநிலைக்காக 21,600 கோடி யூரோ செலவிட்டதாக ஆணையம் கணக்குக் காட்டியது. அதில் குறைந்தது 7,200 கோடி மிகைக்கணக்கு என்று 2022இல் ஐரோப்பியத் தணிக்கை மன்றம் எடுத்துரைத்தது. அம்மிகையின் பெரும்பகுதி வேளாண் மானியங்களில் இருந்தது. வேளாண்மையில் பருவநிலைக்கெனக் கணக்கெழுதப்பட்டது 10,000 கோடி யூரோவுக்கு மேல். ஆயினும் 2010க்குப் பிறகு அத்துறையின் உமிழ்வு குறையவில்லை என்று அதே மன்றம் 2021இலேயே கூறியிருந்தது. பழைய மானியத்திற்குப் புதிய பெயர் சூட்டினால் காற்றில் கலக்கும் கரி குறைந்துவிடுமா?

இப்பெருந்தொகையின் நிழலில் ஒரு சிறுதொகை இருக்கிறது. போலந்தின் சிலேசியாவிலும் ருமேனியாவின் ஜியூ பள்ளத்தாக்கிலும் நிலக்கரியையே நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு மாற்றுத் தொழிலும் பயிற்சியும் தருவதற்கான ‘நியாயமான மாற்ற நிதியம்’ அது. 2020 மே மாதம் ஆணையம் அதற்கு 4,000 கோடி யூரோ கேட்டது. ஜூலையில் கூடிய அரசுத் தலைவர்கள், பேரத்தின் முடிவில், அதனை 1,750 கோடியாகக் குறைத்தார்கள். ஊரின் ஒரே தொழிலை இழக்கப்போகிறவனின் பங்கில்தான் அவர்களுக்குச் சிக்கனம் நினைவுக்கு வந்தது! 2028இல் தொடங்கும் ஏழாண்டு வரவு செலவுக்கென ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்த வரைவிலோ, இந்நிதியத்துக்குத் தனித் தலைப்பே இல்லை. தேசியத் திட்டங்கள் என்னும் பெருந்தொகைக்குள் அது கரைக்கப்பட்டுவிட்டது.

இவற்றைக் காட்டி, ‘பொதுப்பணமே வீண், சந்தை பார்த்துக்கொள்ளும்’ என்போரோடு நமக்கு உடன்பாடில்லை. லாபம் தெரிகிற இடத்துக்கே சந்தை போகும். மூடிய சுரங்கத்தின் வாயிலில் அது கடை விரிக்காது. எளியவரின் சுமையைக் கருதாத பருவநிலைக் கொள்கை என்னவாகும் என்பதற்கு 2018 நவம்பரில் பிரான்சின் சாலைகளை நிறைத்த மஞ்சள் அங்கிகளே சான்று. எரிபொருள் வரி உயர்வை அரசு கைவிட நேர்ந்தது. அன்று தோற்றது அரசு மட்டுமன்று. பருவநிலைக் கொள்கையின் மீது மக்கள் வைத்த நம்பிக்கையும்தான்.

ஆகவே நாம் கேட்பது குறைந்த பணத்தையன்று, நேர்மையான கணக்கை. உமிழ்வைக் குறைத்த செலவு மட்டுமே பசுமைச் செலவாக எழுதப்படட்டும். பிழைப்பை இழப்போருக்கான பங்கு தனித் தலைப்பில், எவரும் எளிதில் குறைத்துவிட முடியாதபடி நிற்கட்டும். அதன் பிறகு ஒரு லட்சம் கோடியைக் கொண்டாடுவோருடன் நாமும் சேர்ந்துகொள்ளலாம்.